“உடம்பு வாகு டாக்டர்” என்றதும் சிரிக்கும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். எடைக்கருவியிலிருந்து இறங்கி உங்கள் எதிரே உட்கார்ந்ததும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். பத்து வயதில் முதல்முறை கேட்டேன். இப்போது எனக்கு 47 வயது. நடுவில் எத்தனையோ மருத்துவர்கள் மாறிவிட்டார்கள், வசனம் மட்டும் மாறவில்லை. “வாயைக் கட்டுங்க, தினமும் நடங்க.” நான் சொல்லும் பதிலும் உங்களுக்கு மனப்பாடமாகத்தான் இருக்கும். “எங்க வீட்டு உடம்பு வாகு டாக்டர்.” உடனே உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லும்போது ஆசிரியருக்கு வருமே, அந்தச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தரப்பு முழுக்க நியாயம் என்று வாதாட வரவில்லை. ‘உடம்பு வாகு’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற எங்களிடமும் தவறு இருக்கிறது. ‘வாயைக் கட்டு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே அழைக்கிற உங்களிடமும் இருக்கிறது. இரண்டு பேருமே மரபையும் வாழ்க்கை முறையையும் கூட்டல் கணக்காக நினைக்கிறோம். இத்தனை பங்கு பிறப்பு, இத்தனை பங்கு பழக்கம், மொத்தம் இவ்வளவு கிலோ என்று. அது பெருக்கல் கணக்கு. கூட்டலை நினைத்துக்கொண்டு பெருக்கலைச் செய்தால் விடை எவ்வளவு தப்பாக வருமோ, அவ்வளவு தப்பாகத்தான் நம் உரையாடல் முப்பத்தேழு வருடமாக நடந்து வருகிறது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் தம்பியும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்று வளர்ந்தவர்கள். என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிடுவான். பக்கவாட்டில் நின்றால் ஆளைத் தேட வேண்டும். நான் அம்மாவைக் கொண்டிருக்கிறேன். அம்மா பாட்டியைக் கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் அதே இடுப்பு, அதே மேல்கை, முதல் பிரசவத்துக்குப் பிறகு ஏறி இறங்காத அதே பதினைந்து கிலோ. உங்கள் அறையில் என்னிடம் கேட்டு நிரப்பும் தாளில் குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்று கேட்கிறீர்கள். ரத்த அழுத்தம் உண்டா, மாரடைப்பில் யாராவது இறந்தார்களா, புற்றுநோய் வந்ததா என்றெல்லாம் கேட்கிறீர்கள். உடல் பருமனுக்காக வந்திருக்கிறவளிடம் “அம்மா எப்படி இருப்பாங்க?” என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் குடும்பம் காரணமாகலாம். கொழுப்புக்கு மட்டும் நான்தான் காரணமாக வேண்டும்.

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்து ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிள்ளைகளின் உடல்வாகு, பெற்ற தாய் தந்தையரின் உடல்வாகோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒட்டவே இல்லை. சோறு போட்ட கை யாருடையதோ, உடம்பு மட்டும் பெற்றவர்களைத் தேடிப் போயிருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர், பிரிந்து வளர்ந்த ஸ்வீடன் நாட்டு இரட்டையர்களை ஆராய்ந்தார். வேறு வேறு வீடுகளில் வளர்ந்தும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) ஏறத்தாழ சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியிருந்தது.

எனக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1990-இல் கனடாவின் கியூபெக்கில் கிளாட் புஷார் நடத்தியது. உருவொத்த இரட்டையர் 12 ஜோடி, எல்லோரும் இளைஞர்கள். அவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி வீதம் 84 நாள் ஊட்டினார்கள். யாரும் ஒளித்துத் தின்ன முடியாது, கணக்கில் ஏமாற்ற முடியாது. கடைசியில் சராசரியாக 8.1 கிலோ கூடியது. ஆனால் குறைந்தது 4.3 கிலோ, அதிகபட்சம் 13.3 கிலோ. ஒரே அளவு கூடுதல் சாப்பாடு, ஒருவருக்கு மூன்று மடங்கு எடை. யாருக்கு எவ்வளவு ஏறியது என்பதில் ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையே இருந்த வேறுபாடு, ஒரே ஜோடிக்குள் இருந்ததைவிட மூன்று மடங்கு. அண்ணனுக்கு ஏறினால் தம்பிக்கும் ஏறியது. ஒருவனுக்கு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்தால் இன்னொருவனுக்கும் அங்கேயே சேர்ந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருபது வருடம் நடந்ததை யாரோ கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மரபணு என்றதும் பலரும் ‘மெட்டபாலிசம் மந்தம்’ என்றுதான் நினைக்கிறார்கள். நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும். உண்மையில் பருமனோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட மரபணுக்களில் பெரும்பாலானவை வேலை செய்வது மூளையில். குறிப்பாகப் பசியையும் நிறைவையும் அளக்கிற ஹைப்போதலாமஸ் பகுதியில். அதாவது, கொழுப்பை எரிக்கும் அடுப்பைவிட ‘போதும்’ என்று சொல்லும் மணியில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். என் தம்பிக்கு அந்த மணி இரண்டாவது கவளத்திலேயே அடிக்க ஆரம்பிக்கிறது போலிருக்கிறது. எனக்குத் தட்டு காலியான பிறகு, எங்கோ பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல் கேட்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது ஒரு குழந்தை. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. மூன்று ஆண்டுகளில், லெப்டின் மரபணு பழுதாகிப் பிறந்த இரண்டு குழந்தைகளை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதில் ஒரு சிறுமிக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. சாப்பாட்டுக்காக ஓயாமல் அழும் குழந்தை. அவளுக்குத் தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஊசிக்கு முந்தைய வாரம் அந்தக் குழந்தைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை, பிந்தைய வாரம் வந்துவிட்டது என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? அவளுக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரு ஹார்மோன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மனக்கட்டுப்பாடு போலவே தெரிந்திருக்கும்.

அப்படி ஒரே மரபணு பழுதாகிப் பருத்தவர்கள் மிகச் சிலர். மற்ற எங்களுக்கு ஒரு பெரிய பழுது கிடையாது. எடை ஏறும் பக்கம் தள்ளுகிற, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணுச் சாய்வுகள். 2007-இல் கண்டுபிடிக்கப்பட்டுப் பேர்போன எஃப்.டி.ஓ. மரபணுவின் சாய்வு, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால்கூட, சராசரியில் கூட்டுவது சுமார் மூன்று கிலோதான். எல்லாச் சாய்வையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. 2019-இல் 21 லட்சம் மரபணு வேறுபாடுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார்கள். நடுவயதினரில் அதிக மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும், மிகக் குறைவாகப் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் எடை வித்தியாசம் 13 கிலோ. ஆனாலும் அதிக மதிப்பெண் பெற்றவர்களிலேயே இயல்பான எடையோடு இருந்தவர்களும் உண்டு. அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் ஆட்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம்.

இங்கேதான் என் தரப்பு வாதம் கால் இடறுகிறது. மறைக்காமல் சொல்கிறேன். 1990-லிருந்து 2022-க்குள் உலகில் உடல் பருமன் உள்ள பெரியவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வளரிளம் பருவத்தினரிடம் நான்கு மடங்கு. முப்பது சொச்சம் ஆண்டுகளில் மனித இனத்தின் மரபணுத் தொகுப்பு மாறுமா? ஒரு தலைமுறைதான் திரும்பியிருக்கிறது. என் பாட்டியின் ‘வாகு’ அவளுக்கு முன்னால் இருந்த பத்துத் தலைமுறைக்கும் இருந்திருக்கும். அவர்களில் எத்தனை பேர் என்னைப்போல் இருந்திருப்பார்கள்?

இதற்கு நான் கண்டுகொண்ட விளக்கம் ஒன்று உண்டு. மேடும் பள்ளமுமான ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். மழையே பெய்யாத காலத்தில் பள்ளத்து வீடு எது, மேட்டு வீடு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லா வாசலும் ஒன்றுபோல் காய்ந்துதான் கிடக்கும். அடைமழை பிடித்துக்கொண்டால் முதலில் தண்ணீர் நுழைவது பள்ளத்து வீட்டில்தான். வீடு மிதப்பதற்குக் காரணம் பள்ளமா, மழையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பள்ளம் மரபு. மழை நாம் வாழும் காலம். மேட்டு வீட்டுக்காரர் கீழே எட்டிப் பார்த்து, “எங்க வீட்டுக்கும் இதே மழைதானே, நாங்க நனையலையே” என்று சொல்வது எனக்குப் புதிதில்லை. என் தம்பி அப்படித்தான் சொல்வான்.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. நார்வேயில் 1,18,959 பேரின் எடையையும் உயரத்தையும் 1960-கள் முதல் 2000-கள் வரை தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். மரபுச் சாய்வு மிகுந்த ஐந்தில் ஒரு பங்கினரையும் மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரையும் ஒப்பிட்டார்கள். 35 வயது ஆண்களில் இரு சாராருக்கும் இருந்த பி.எம்.ஐ. இடைவெளி 1960-களில் 1.20. அதே வயது ஆண்களில் 2000-களில் அது 2.09. இரு சாராருமே பருத்தார்கள்; மழை எல்லோருக்கும்தான் பெய்தது. ஆனால் பள்ளத்தில் தண்ணீர் வேகமாக ஏறியது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் தலைமுறைகளாகக் கண்காணிக்கப்பட்டவர்களிடம் இதே எஃப்.டி.ஓ. மரபணுவைத் தேடியபோது இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. 1942-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் அந்த மரபணுவுக்கும் எடைக்கும் தொடர்பு இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் தொடர்பே காணோம். மரபணு அவர்களிடமும் இருந்தது. அது பேசுவதற்கு வாய்ப்பு வரவில்லை.

‘பருமன் 70 சதவீதம் பரம்பரை’ என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும், அதைச் சொல்லி ஆறுதல் தேடுகிற என்னைப்போன்றவர்களும் அந்த எண்ணைத் தப்பாகவே படிக்கிறோம். என் எடையில் ஏழு பங்கு அம்மா கொடுத்தது, மூன்று பங்கு நான் தின்றது என்று அதற்குப் பொருள் கிடையாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் எடை வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டால் வருகிறது என்றுதான் அது சொல்கிறது. கூட்டம் மாறினால், சூழல் மாறினால், அந்த எண்ணும் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நான்கு வயது இரட்டையர்களின் வீடுகளை அளந்தார்கள்: வீட்டில் என்ன தின்பண்டம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, தொலைக்காட்சி எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஓடி விளையாட இடம் இருக்கிறதா என்று. எடை ஏறத் தோதான வீடுகளில் பி.எம்.ஐ.-இன் மரபுப் பங்கு 86 சதவீதம். தோதில்லாத வீடுகளில் 39 சதவீதம். நான்கு வயதுக் குழந்தை தன் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1,088 ஜோடி இரட்டையரைப் பார்த்ததில், இரவு ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களிடம் பி.எம்.ஐ.-இன் மரபுப் பங்கு 70 சதவீதம். ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறவர்களிடம் 32. கண் விழித்தால் மரபணுவும் விழித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் வாழ்வில் எடை மளமளவென்று ஏறிய இரண்டு காலகட்டங்கள் உண்டு. ஒன்று குழந்தை பிறந்த முதல் ஆண்டு. மற்றொன்று அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த பதினான்கு மாதம். இரண்டிலும் நான் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு முறையும் எனக்குக் கிடைத்தது அச்சடித்த ஒரு டயட் தாள்.

உடற்பயிற்சி விஷயத்தில் நீங்கள் சரி என்று ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. நடந்தால் கலோரி எரியும் என்கிறீர்கள். அரை மணி நடையில் எரிவதை இரண்டு வாய் சாப்பாட்டில் ஈடுகட்டிவிடலாம். அது எங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் உங்கள் பேச்சு எடுபடுவதில்லை. ஆனால் 2,18,166 பேரின் தரவைச் சேர்த்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ. மரபணுவால் பருமன் வரும் வாய்ப்பு 27 சதவீதம் தணிந்திருந்தது. நவீன இயந்திரங்களைப் பெரும்பாலும் விலக்கி வாழும் அமெரிக்காவின் ஆமிஷ் சமூகத்தாரில் அதிகம் உழைப்பவர்களிடம் அந்த மரபணுவின் விளைவே தென்படவில்லை. “நடந்தால் இத்தனை கலோரி குறையும்” என்பதைவிட, “உங்களுக்கு இந்தச் சாய்வு இருப்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கு நடை கூடுதலாக உதவும்” என்று யாராவது சொல்லியிருந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஒருவேளை கிளம்பியிருக்கமாட்டேனோ என்னவோ. குறைந்தபட்சம் கோபம் வந்திருக்காது.

இனிப்புப் பானம், வறுத்த பண்டம் ஆகியவற்றிலும் இதே கதைதான். மரபுச் சாய்வு உள்ளவர்களுக்கு இவற்றின் தண்டனை அதிகம். என் தம்பி தினம் ஒரு புட்டி குடித்தால் அவனுக்கு ஆகும் சேதமும் எனக்கு ஆகும் சேதமும் ஒன்றல்ல. அநியாயம்தான். தெரிந்துகொள்ள வேண்டிய அநியாயம்.

‘வாழ்க்கை முறை’ என்ற சொல்லின் மேலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. ஏதோ கடையில் போய்ப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வந்ததுபோல் ஒலிக்கிறது. பிமா மக்களின் கதையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியிலும் வாழும் இவர்கள் ஒரே மரபில் வந்தவர்கள். 2006-இல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனா பிமாக்களில் 38 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. மெக்சிகோ பிமாக்களில் 6.9 சதவீதம். பருமனிலும் அதே ஏற்றத்தாழ்வு. மரபு ஒன்று, வாழ்க்கை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று உங்கள் கூட்டங்களில் இதைப் படமாகப் போடுவார்கள். அரிசோனா பிமாக்கள் எப்படி அந்த ‘வாழ்க்கை முறை’க்கு வந்தார்கள் என்பதைப் போடமாட்டார்கள். அவர்கள் கிலா ஆற்றுத் தண்ணீரை நம்பி வாய்க்கால் வெட்டி உழுத உழவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பக்கம் வந்து குடியேறியவர்கள் அந்தத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது, அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் தட்டுக்கு வந்தன. ஆற்றை இழந்தவனிடம் போய் ‘வாயைக் கட்டு’ என்று சொல்லலாமா?

இரவுப் பணி, இரண்டு வேலை, ஓடி விளையாட இடமில்லாத பள்ளி, உட்கார்ந்தே செய்யும் பத்து மணி நேர வேலை. இவற்றில் எதை நான் ‘முறை’யாகத் தேர்ந்தெடுத்தேன்?

கருவறைக்குள்ளேயே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்த ஆண்கள், 19 வயதில் ராணுவத் தேர்வுக்கு வந்தார்கள். அப்படி வந்த 3 லட்சம் பேரின் பதிவுகளை 1976-இல் ஆராய்ந்ததில், கர்ப்பத்தின் முற்பாதியில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் பருமன் கூடியிருந்தது. கடைசி மாதங்களில் கண்டவர்களிடம் குறைந்திருந்தது. மரபணு எழுத்து மாறாமலே, அதைப் படிக்கும் விதம் மாறக்கூடும். (இதைக் கேட்டதும் தாய்மாரைக் கேள்வி கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பஞ்சத்தை எந்தத் தாயும் கொண்டுவரவில்லை.)

சரி, எடையைக் குறைத்த பிறகு? நான் நான்கு முறை குறைத்திருக்கிறேன். ஒருமுறை 17 கிலோ. நான்கு முறையும் திரும்பி வந்தது. நீங்கள் ‘விட்டுட்டீங்களா?’ என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்து, ஓராண்டு கழித்து அவர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வு அது. பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் அடக்கும் ஹார்மோன்களும் ஓராண்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘சாப்பிடு, சாப்பிடு’ என்கிற பக்கமே சாய்ந்து நின்றன. உடம்பு இழந்த எடையைக் கடனாக நினைத்து வசூலிக்க வருகிறது. வட்டிக்காரனைக் கதவைச் சாத்தி எத்தனை நாள் நிறுத்த முடியும்? இப்போது வந்திருக்கும் செமாகுளூட்டைடு போன்ற ஊசிகள் இந்தப் பசியின் குரலையே தணித்து, 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைக்கின்றன. நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்புகிறது. அப்படியானால் ரத்த அழுத்தம்போல் பருமனும் நீண்ட நாள் வைத்தியம் வேண்டும் நோய். அழுத்த மாத்திரையை நிறுத்தி அழுத்தம் ஏறினால் நோயாளியைச் சோம்பேறி என்று சொல்லமாட்டீர்களே.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘மரபணு என்று சொல்லிவிட்டால் இவர்கள் முயற்சியே செய்யமாட்டார்கள்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலரிடம் அவர்களின் மரபணு முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். உண்மையில் எந்தத் தாள் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான். உங்களுக்குப் பருமனிலிருந்து காக்கும் மரபணு இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அதே உணவுக்குப் பிறகு வயிறு நிறைந்த உணர்வு கூடியது. நிறைவைத் தரும் ஹார்மோனும் ரத்தத்தில் கூடியது. மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்லே மருந்துபோல் உடம்பில் இறங்குகிறது. அதனால் ‘உங்க ஜீன் அப்படி, ஒண்ணும் பண்ண முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். அது பொய்யும்கூட. எடைக் குறைப்பு ஆய்வுகளில் கலந்துகொண்ட 9,563 பேரின் தரவை 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். எஃப்.டி.ஓ. சாய்வு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அளவுதான் குறைத்திருந்தார்கள். பள்ளத்தில் இருப்பவர்களாலும் தண்ணீரை இறைக்க முடிகிறது.

எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மரபணுவுக்கேற்ற டயட் தருகிறோம் என்று விற்கிறார்களே, அந்தப் பக்கம் எங்களைத் தள்ளிவிடாதீர்கள். 2018-இல் 609 பேரை ஓராண்டு கண்காணித்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்த உணவு யாருக்கு, மாவுச்சத்தைக் குறைத்த உணவு யாருக்கு என்று மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கையில் கூடுதலாக ஐந்து நிமிடம் இருந்தால் எங்களிடம் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். எடை எந்த வயதில் ஏற ஆரம்பித்தது? ஐந்து வயதுக்கு முன்பே மளமளவென்று ஏறி, எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத குழந்தை என்றால், பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல் மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். எம்சி4ஆர் போன்ற ஒற்றை மரபணுப் பழுது இருக்கலாம், அவற்றில் சிலவற்றுக்கு இன்று மருந்தும் இருக்கிறது. அம்மா, அப்பா, மாமா, அத்தை எப்படி? எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மாத்திரைகள் என்று எடையைக் கூட்டும் மருந்து ஏதாவது நீங்களோ உங்கள் சக மருத்துவரோ எழுதிக்கொடுத்து ஓடிக்கொண்டிருக்கிறதா? எடை ஏறிய அந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் அழுதுவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில்களைக் கேட்ட பிறகு, மனப்பாட வசனத்துக்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உங்க குடும்பத்து உடம்பு வாகு எடை ஏறுகிற வாகு. அது உங்க தப்பில்லை. அதனாலேயே மத்தவங்களுக்குச் சின்னதா தெரிகிற விஷயம் உங்களுக்குப் பெரிசு. தூக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். எடையில் அஞ்சு, பத்து சதவீதம் குறைஞ்சாலே அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். அதுக்கு மேல் குறையலேன்னா தோத்துட்டோம்னு அர்த்தமில்லை.” இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது, நான் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

எங்களைக் கேலி செய்தால் ரோஷம் வந்து குறைப்போம் என்று நம்புகிறவர்களும் உங்களில் உண்டு. உடம்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பெரியவர்கள், அடுத்த சில ஆண்டுகளில் பருமன் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. என் விஷயத்தில் நடந்தது அதைவிட எளிமையானது. முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘முதல்ல இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க’ என்றார்கள். அதன்பிறகு இரண்டரை ஆண்டு எந்த மருத்துவரிடமும் போகவில்லை. போனபோது சர்க்கரை வந்து எவ்வளவு நாளாயிற்று என்றே கணக்குச் சொல்ல முடியாத நிலை. அந்த மருத்துவமனைக்கு இது தெரியாது. தெரியவைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். செலவில்லாதது. நான் போகும் இடங்களில் பெரும்பாலும் எடைக்கருவி வராந்தாவில், காத்திருப்பவர்களுக்கு நடுவே இருக்கிறது. பெயரைக் கூப்பிட்டு, ஏறச் சொல்லி, வரும் எண்ணை உதவியாளர் உரக்கப் படித்துச் சீட்டில் எழுதுகிறார். உட்கார்ந்திருக்கும் அத்தனை கண்ணும் முதலில் எண்ணைக் கேட்கும், பிறகு ஆளைப் பார்க்கும். அந்தக் கருவியை உங்கள் அறைக்குள் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். நான் உள்ளே வந்ததும் உடனே ஏறச் சொல்லாதீர்கள். முதலில் என் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வராந்தாவில் காத்திருப்பவர்களில் ஒருத்தி